தகப்பன் பெயரைச் சொன்ன மகன். 125 ஆண்டு நம்பாத நாடு

அமெரிக்காவில் வர்ஜினியா என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு சிறிய மலை. மலை உச்சியில் அழகான ஒரு மாளிகை. அதன் பெயர் மான்டிசெல்லோ.

மாளிகைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு வேலி. வேலிக்கு ஒரு கதவு. அந்தக் கதவு ஒரு குடும்பத்துக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனின் வாரிசுகள்தான் அங்கே அடக்கம் ஆகலாம். அவர்கள் 1913-ம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். தோட்டம் அந்தச் சங்கத்துக்குச் சொந்தம்.

2002-ம் ஆண்டு மே மாதம் அந்தச் சங்கம் கூடியது. அதன் முன்னே ஒரு கேள்வி இருந்தது. இன்னொரு குடும்பத்தார், நாங்களும் ஜெபர்சனின் வாரிசுகள்தான், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் ஜெபர்சன் வீட்டில் அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் வழிவந்தவர்கள்.

சங்கத்தார் வாக்கு எடுத்தார்கள். முடியாது என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள்.

கேட்டவர்கள் நிலம் கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. இவர் எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்கு ஏன் இத்தனை தகராறு? இருநூறு ஆண்டுக் கதையைப் பார்த்தால்தான் புரியும்.

சமத்துவம் எழுதியவர்

ஜெபர்சன் சாமானியமான ஆள் அல்ல. 1776-ம் ஆண்டில் அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியை உதறியது. அப்போது சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவர்தான். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கொள்கையை அதிலே வைத்தார். உலகம் முழுவதும் சுதந்திரம் கேட்டவர்கள் அந்தச் சாசனத்தைப் படித்து உற்சாகம் பெற்றார்கள்.

அதே ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். உழுதவர்கள் அவர்கள். சமைத்தவர்கள் அவர்கள். மாளிகைக்குச் செங்கல் சுட்டவர்களும் அவர்களே. கையால் எழுதிய ஒரு பண்ணைக் கணக்குப் புத்தகம் அவரிடம் இருந்தது. எந்த அடிமைக்கு எப்போது பிள்ளை பிறந்தது, யாருக்கு எத்தனை கம்பளி கொடுத்தோம் என்று அதிலே குறித்து வைத்தார்.

சமத்துவம் எழுதிய கை. அடிமைக் கணக்கு எழுதிய கை. இரண்டும் ஒரே கைதான்.

தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை

ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

இங்கிலாந்தின் வழக்கப்படி பிள்ளை தகப்பனைச் சேர்ந்தது. தகப்பனுடைய பெயரும் நிலையும் பிள்ளைக்கு வரும். ஆனால் 1662-ம் ஆண்டில் வர்ஜினியாவில் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யாராக இருந்தாலும் சரி!

இதன் விளைவு என்ன? எஜமான் தன் அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளை அவனுக்கு மகன் அல்ல, சொத்து. பசு ஈன்ற கன்று பசுவின் சொந்தக்காரனுக்குச் சேர்வது போல! எஜமான் அந்தப் பிள்ளைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். பங்கு கொடுக்க வேண்டாம். பதிலும் சொல்ல வேண்டாம். வேண்டுமானால் விற்றும் விடலாம்.

அந்தப் பிள்ளை கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அந்நாளில் வர்ஜினியாவில் உரிமை இல்லை.

ஆகவே தகப்பன் பெயரை மறைக்கச் சட்டமே திரை போட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மனைவியின் தங்கை, வீட்டின் அடிமை

ஜெபர்சன் 1772-ம் ஆண்டில் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மார்த்தாவின் தகப்பனார் ஜான் வேல்ஸ் பெரிய பணக்காரர். அவரிடம் எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண் இருந்தாள். வேல்ஸுக்கும் எலிசபெத்துக்கும் ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள் என்று ஹெமிங்ஸ் குடும்பத்தார் சொல்கிறார்கள். கடைசிப் பெண்ணின் பெயர் சாலி. 1773-ம் ஆண்டில் பிறந்தவள்.

அதே ஆண்டில் வேல்ஸ் இறந்தார். அவருடைய அடிமைகளில் ஒரு பகுதி மகளுக்கும் மருமகனுக்கும் வந்தது. எலிசபெத்தும் அவள் பிள்ளைகளும் ஜெபர்சன் வீட்டுக்கு வந்தார்கள்.

உறவு முறையைப் பாருங்கள். மார்த்தாவுக்கும் சாலிக்கும் தகப்பன் ஒருவரே. சாலி ஜெபர்சனுக்குக் கொழுந்தியாள் முறை. ஆனால் அக்காள் எஜமானி, தங்கை அடிமை!

1782-ம் ஆண்டில் மார்த்தா இறந்தார். அப்போது ஜெபர்சனுக்கு 39 வயது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பாரிசில் நடந்தது

1784-ம் ஆண்டில் ஜெபர்சன் அமெரிக்காவின் பிரதிநிதியாகப் பாரிசுக்குப் போனார். பிறகு தம் சின்ன மகளை அங்கே அனுப்பச் சொன்னார். சிறு பெண் தனியே கப்பல் ஏற முடியுமா? துணைக்குச் சாலி போனாள். அப்போது சாலிக்கு வயது 14. ஜெபர்சனுக்கு 44.

பிரான்ஸ் நாட்டில் ஓர் அடிமை விடுதலை கேட்டு மனுப் போடலாம். சாலியின் அண்ணன் ஜேம்ஸும் அங்கேதான் சமையல் கற்றுக்கொண்டிருந்தான். இருவரும் நினைத்திருந்தால் அங்கேயே சுதந்திர மனிதர்களாகத் தங்கியிருக்கலாம்.

1789-ம் ஆண்டில் ஜெபர்சன் ஊருக்குத் திரும்பப் புறப்பட்டார். அப்போது சாலி கர்ப்பமாக இருந்தாளாம். வரமாட்டேன் என்று மறுத்தாள் என்று அவளுடைய மகன் பிற்காலத்தில் சொன்னார். உனக்குப் பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுதலை செய்வேன் என்று ஜெபர்சன் வாக்குக் கொடுத்தாராம். அதை நம்பி அவள் கப்பல் ஏறினாளாம். அந்த முதல் குழந்தை நெடுநாள் உயிரோடு இல்லை என்றும் மகன் சொன்னார்.

சாலி விரும்பித்தான் இசைந்தாளா? இன்றும் பலர் இதைக் கேட்கிறார்கள். அவளுடைய சொந்த வார்த்தை ஒன்றுகூட எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அவள் சிறு பெண். அவர் அவளுடைய எஜமான். வர்ஜினியா மண்ணில் முடியாது என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. மறுக்க முடியாத இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

பத்திரிகையில் வந்த செய்தி

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மான்டிசெல்லோவைச் சுற்றி வதந்தி பரவியது. ஹெமிங்ஸ் பிள்ளைகளில் சிலர் ஜெபர்சனைப் போலவே இருந்தார்கள் என்று அவருடைய பேரனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1802-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் செய்தி அச்சில் ஏறியது. அப்போது ஜெபர்சன் ஜனாதிபதி. ஜேம்ஸ் கேலண்டர் என்ற பத்திரிகைக்காரர் ரிச்மண்ட் நகரில் அதை வெளியிட்டார். இவர் முன்பு ஜெபர்சனின் ஆதரவாளர். உத்தியோகம் கேட்டார், கிடைக்கவில்லை. பகையாளி ஆனார்.

ஜெபர்சன் பகிரங்கமாகப் பதில் சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. 1804-ம் ஆண்டுத் தேர்தலில் மீண்டும் வெற்றி பெற்றார்.

செய்தி சொன்னவர் பகையாளி. ஆகவே செய்தியே பொய் என்று பலர் தள்ளினார்கள். பகையாளியும் சில வேளையில் உண்மை சொல்லலாம் என்று அவர்கள் எண்ணவில்லை.

நால்வருக்கு விடுதலை, மற்றவர்க்கு ஏலம்

1795 முதல் 1808 வரை சாலிக்குப் பிறந்த ஆறு குழந்தைகளைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. நால்வர் பிழைத்து வளர்ந்தார்கள். பெவர்லி, ஹாரியட், மாடிசன், எஸ்டன். மூவர் ஆண்கள், ஹாரியட் பெண்.

அவர்களை எட்டுப் பங்கு போட்டால் ஏழு பங்கு வெள்ளை ரத்தம். பார்த்தால் வெள்ளையர்தான். ஆனாலும் அடிமைகள். ஏன்? அதே 1662-ம் ஆண்டுச் சட்டம்!

பெவர்லியும் ஹாரியட்டும் 1822-ம் ஆண்டில் மான்டிசெல்லோவை விட்டுப் போனார்கள். யாரும் பிடிக்க ஆள் அனுப்பவில்லை. மற்ற அடிமை ஓடினால் விளம்பரம் போட்டுத் தேடுவார்கள். ஹாரியட்டுக்கோ வழிச்செலவுக்கு 50 டாலர் கொடுக்கும்படி ஜெபர்சனே உத்தரவிட்டார் என்று பண்ணை மேற்பார்வையாளர் சொன்னார். மாடிசனும் எஸ்டனும் ஜெபர்சனின் உயிலால் விடுதலை பெற்றார்கள்.

1826-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ஜெபர்சன் இறந்தார். அன்று சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா! அவர் விட்டுப் போன கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். கடனை அடைக்க 1827-ம் ஆண்டு ஜனவரி மாதம் மான்டிசெல்லோவில் ஏலம் போட்டார்கள். மாடு, சாமான்களோடு 130 அடிமைகள் என்று விளம்பரம் செய்தார்கள்.

ஜோ பாசெட் என்று ஒரு கொல்லர். அவரும் ஹெமிங்ஸ் குடும்பந்தான். உயிலில் அவருக்கு விடுதலை எழுதியிருந்தது. ஆனால் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதவில்லை. அவர் கண் முன்னே அவர்கள் ஏலத்தில் போனார்கள்.

ஜெபர்சன் வாழ்நாளிலும் உயிலிலும் சட்டப்படி விடுதலை செய்த அடிமைகள் மொத்தம் ஏழு பேர். எல்லோரும் ஹெமிங்ஸ் குடும்பத்தார். தன் பிள்ளைகள் எல்லோருக்கும் விடுதலை கிடைக்கக் கண்ட அடிமைத் தாய் மான்டிசெல்லோவில் சாலி ஒருத்திதான். இது தற்செயலா? அல்லது பாரிசில் கொடுத்த வாக்கா?

உயிலில் சாலியின் பெயர் இல்லை. ஜெபர்சனின் மகள் அந்த அம்மாளைப் போக விட்டார். சார்லட்ஸ்வில் நகரில் மகன்களோடு இருந்து 1835-ம் ஆண்டில் இறந்தார். அவரைப் புதைத்த இடம் எது? யாருக்கும் தெரியாது.

மாடிசன் பேசினார்

1861-ம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகு, 1873-ம் ஆண்டில், ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய பத்திரிகை மாடிசன் ஹெமிங்ஸின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டது. அப்போது அவருக்கு 68 வயது. தச்சு வேலை செய்து சொந்த நிலத்தில் வாழ்ந்துவந்தார்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். ஜெபர்சன்தான் என் தகப்பனார். எங்கள் தாய்க்குப் பாரிசில் வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றினார்.

இன்னும் ஒன்றும் சொன்னார். ஜெபர்சன் எல்லோரிடமும் அன்பாக இருப்பார். தம் வெள்ளைப் பேரப் பிள்ளைகளிடம் பாசம் காட்டுவார். எங்களிடம் மட்டும் தகப்பன் போல நடந்ததில்லை.

மாடிசன் எழுத்துக் கற்றது எப்படி? அந்த வெள்ளைப் பேரப் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் எழுத்துக் கற்றாராம். பல்கலைக்கழகம் கண்டவர் ஜெபர்சன். அவருடைய மகன் அ, ஆ படிக்கப் பட்ட பாட்டைப் பாருங்கள்!

அதே ஆண்டில் மான்டிசெல்லோவில் அடிமையாக இருந்த இன்னொரு முதியவரும் அதே பத்திரிகையில் மாடிசன் சொல்வது உண்மை என்றார்.

நாடு நம்பியதா? இல்லை. பெரிய பெரிய சரித்திர ஆசிரியர்கள் அதை ஒதுக்கினார்கள். அடிமைப் பேச்சு, பெருமைக்காகச் சொல்கிறார், பத்திரிகைக்காரன் எழுதிக் கொடுத்தது என்றார்கள்.

ஜெபர்சன் குடும்பத்தார் வேறு கதை சொன்னார்கள். ஜெபர்சனுக்குத் தங்கை மகன்கள் இருந்தார்கள். பீட்டர் கார், சாமுவேல் கார் என்று பெயர். பேரன் ஒருவர், பீட்டர்தான் தகப்பன் என்றார். பேத்தி ஒருத்தி, சாமுவேல்தான் என்றார். ஒருவர் சொல்வதற்கும் மற்றவர் சொல்வதற்கும் பொருத்தம் இல்லை. ஆனாலும் சரித்திர ஆசிரியர்கள் அதைத்தான் நம்பினார்கள்.

இதுதான் இந்த வழக்கின் உயிர்நிலை. இரு குடும்பம், இரு கதை. இரண்டும் வாய்வழி வந்தவை. எஜமான் வீட்டுப் பேச்சைச் சாட்சி என்றார்கள். அடிமை வீட்டுப் பேச்சை வதந்தி என்றார்கள்.

1997-ம் ஆண்டில் அனெட் கார்டன் ரீட் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியை இதை ஒரு புத்தகமாக எழுதினார். இரு தரப்புச் சாட்சியத்தையும் ஒரே தராசில் நிறுத்துங்கள் என்று வாதாடினார். அடுத்த ஆண்டே தராசு வந்தது!

பங்காளி ரத்தம் பேசியது

ஆண்களின் உடலில் ஒய் குரோமோசோம் என்று ஒன்று உண்டு. அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகனிடமிருந்து பேரனுக்குப் போகும். பெரும்பாலும் மாறாமல் போகும்.

நம் ஊர்ப் பங்காளிகளை நினைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள், அவர்களுடைய ஆண் பிள்ளைகள் எல்லோரும் பங்காளிகள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒய் குரோமோசோம். தங்கை மகன் பங்காளி ஆவானா? ஆகமாட்டான். அவன் வேறு குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கு அவன் தகப்பன் வழி வந்ததுதான் இருக்கும்.

ஜெபர்சனுக்கு மனைவி வழியில் ஆண் வாரிசு தங்கவில்லை. ஆகவே டாக்டர் யூஜின் பாஸ்டர் என்பவர் ஜெபர்சனுடைய பெரியப்பா வழியில் வந்த ஐந்து ஆண்களிடம் ரத்தம் எடுத்தார். கார் குடும்பத்து ஆண்கள் மூன்று பேரிடம் எடுத்தார். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழியில் வந்த ஒருவரிடமும் எடுத்தார்.

1998-ம் ஆண்டு நவம்பர் மாதம் முடிவு வெளிவந்தது. எஸ்டன் வழி ரத்தமும் ஜெபர்சன் வழி ரத்தமும் பொருந்தின! கார் வழி ரத்தம் பொருந்தவில்லை.

பேரனும் பேத்தியும் சொன்ன கதை எஸ்டன் விஷயத்தில் விழுந்தது. மாடிசன் சொன்ன கதை நின்றது. 1873-ல் சொன்னார், 1998-ல் நம்பினார்கள். இடையே 125 ஆண்டு!

சோதனை சொல்லாதது எது?

அவசரப்படக் கூடாது. இந்தச் சோதனை எஸ்டனின் தகப்பன் ஜெபர்சன் வம்சத்து ஆண் என்றுதான் காட்டும். தாமஸ் ஜெபர்சனேதான் என்று விரல் நீட்டிக் காட்டாது. அவருக்கு ராண்டால்ப் என்று ஒரு தம்பி இருந்தார். அவருக்கு மகன்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே ரத்தம்தான்.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் மற்ற ஆதாரங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஜெபர்சன் அடிக்கடி வெளியூரில் இருந்தவர். எந்த நாளில் எங்கே இருந்தார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். சாலிக்குப் பிள்ளை பிறந்த தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். ஒவ்வொரு முறையும் கரு உண்டான காலத்தில் ஜெபர்சன் மான்டிசெல்லோவில் இருந்தார்! அவர் இல்லாத காலத்தில் சாலி ஒரு முறைகூடக் கருத்தரிக்கவில்லை.

மான்டிசெல்லோ மாளிகை ஓர் அறநிலையத்தின் கையில் இருக்கிறது. அது எல்லா ஆதாரங்களையும் ஆராய்ந்து 2000-ம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. எஸ்டனுக்கு ஜெபர்சன் தகப்பன் என்பது மிகமிகப் பொருத்தம். மற்றப் பிள்ளைகளுக்கும் அவராகவே இருக்க வேண்டும் என்றது.

எல்லோரும் ஒப்பவில்லை. 2001-ம் ஆண்டில் வேறொரு அறிஞர் குழு மறுத்தது. தம்பி ராண்டால்பாக இருக்கலாம் என்றது. ஆனால் ஜெபர்சனின் பேரனும் பேத்தியும் கைகாட்டியது தங்கை மகன்களைத்தான், தம்பியை அல்ல. இன்று சரித்திர ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜெபர்சன்தான் என்று ஏற்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உட்சன் என்ற கறுப்பர் குடும்பமும் நாங்கள் ஜெபர்சன் வாரிசு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. அவர்களில் ஐந்து பேர் ரத்தம் கொடுத்தார்கள். பொருந்தவில்லை. பாட்டி சொன்ன கதை எல்லாமே சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காமலே தள்ளுவதும் நியாயம் இல்லை. சோதித்துப் பார்ப்பதே நியாயம்.

ஒரு தாய் பிள்ளைகள், இரு ஜாதி!

அண்ணன் தம்பிகளின் பிற்கால வாழ்க்கை இன்னும் விசித்திரமானது.

பெவர்லியும் ஹாரியட்டும் வெள்ளையராகவே கலந்து மறைந்தார்கள். வெள்ளையரை மணந்தார்கள். ஹாரியட் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது என்று மாடிசன் சொன்னார். பத்து ஆண்டாகக் கடிதம் இல்லை என்றும் சொன்னார். உண்மை தெரிந்தால் வாழ்வு போய்விடும். ஆகவே கூடப்பிறந்தவனுக்குக்கூடக் கடிதம் எழுதப் பயம்!

எஸ்டன் 1852-ம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபோனார். ஜெபர்சன் என்று பெயரை மாற்றினார். வெள்ளையராக வாழ்ந்தார். அவர் மகன் உள்நாட்டுப் போரில் வெள்ளையர் படையில் கர்னல் ஆனார். குடும்பத்தார் தங்கள் பாட்டியின் கதையை மறைத்தார்கள். ஜெபர்சனின் பெரியப்பா வழிவந்தவர்கள் நாங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 1974-ம் ஆண்டில் வந்த ஜெபர்சன் வரலாற்று நூல் ஒன்றைப் பார்த்த பிறகுதான் உண்மை புரிந்தது.

மாடிசன் கறுப்பராகவே இருந்தார். அவர் குடும்பம் பாட்டியின் கதையைக் காப்பாற்றியது. அவருடைய மகன் ஒருவரின் கல்லறை கான்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அதைத் தோண்டிச் சோதித்தால் இன்னும் தெளிவு கிடைக்கும் என்று சிலர் கேட்டார்கள். குடும்பத்தார் மறுத்தார்கள். எங்கள் வார்த்தையை நம்பப் பிணத்தைத் தோண்ட வேண்டுமா என்பது அவர்கள் மனவேதனை.

வீட்டுக்கு வீடு இதே கேள்வி

இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. 1860-ம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1850, 1860-ம் ஆண்டுகளின் குடிக்கணக்கில் அவர்களைப் பெயர் போட்டு எழுதவில்லை. எஜமான் பெயரை எழுதி, அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று மட்டும் குறித்தார்கள். 1870-ம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் வந்தது. அதற்கு முன்னே போய்ப் பாட்டனைத் தேடினால் சுவரில் முட்டுவது போலத்தான்.

2015-ம் ஆண்டில் ஒரு பெரிய மரபணு ஆராய்ச்சி வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பரின் மரபில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஐரோப்பியருடையது. அதுவும் பெரும்பாலும் ஆண்கள் வழி வந்தது. இதன் பொருள் எல்லோருக்கும் விளங்கும்.

முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் மனைவி மிச்செல் ஒபாமாவை நமக்குத் தெரியும். அவருடைய முன்னோர்களில் மெல்வினியா என்று ஓர் அடிமைச் சிறுமி. எஜமான் இறந்தபோது அவளுக்கு 475 டாலர் விலை போட்டார்கள். இளவயதிலேயே அவளுக்கு வெள்ளையர் ஒருவரால் மகன் பிறந்தான். பிற்கால எஜமானின் மகன்தான் தகப்பனாக இருக்க வேண்டும் என்று மரபணுச் சோதனையைக் கொண்டு 2012-ம் ஆண்டில் ஒரு நூல் வெளிவந்தது. எந்தப் பெண் விலைச்சீட்டில் இருந்தாளோ, அவளுடைய வழியில் வந்தவர் வெள்ளை மாளிகையில் குடியிருந்தார்!

இன்று வீட்டிலிருந்தே எச்சிலைக் குப்பியில் எடுத்துத் தபாலில் அனுப்பினால் போதும். உறவினர் பட்டியல் வந்துவிடும். வெள்ளையர் பட்டியலில் கறுப்பர் பெயர் வருகிறது. கறுப்பர் பட்டியலில் வெள்ளையர் பெயர் வருகிறது. சிலர் கடிதம் எழுதி, வீட்டுக்கு அழைத்து, ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். சிலர் பதில் போடுவதே இல்லை.

ஏன் மறுக்கிறார்கள்?

வெறும் நிறவெறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒப்புக்கொண்டால் கூடவே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பாட்டன் தன் சொந்தப் பிள்ளையை அடிமையாக வைத்தான் என்று சொல்ல வேண்டும். படத்தில் பார்த்துக் கும்பிட்ட பாட்டனைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்த வருத்தம் உண்மைதான்.

ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் மறுபக்கத்தில் இருக்கிறது. தகப்பன் யார் என்று தெரிந்தும் அதைச் சொல்ல உரிமை இல்லாத வருத்தம் அது. சொன்னால் பொய்யன் என்ற பட்டம்!

மாற்றம் வராமல் இல்லை. 1993-ம் ஆண்டு முதல் மான்டிசெல்லோ அறநிலையத்தார் அடிமைகளின் வாரிசுகளைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் வீட்டில் வழங்கும் கதைகளைப் பதிவு செய்கிறார்கள். 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் மாளிகையில் சாலி ஹெமிங்ஸுக்காக ஓர் அறையைத் திறந்தார்கள். அந்த அம்மாளுக்குப் படம் கிடையாது. ஆகவே சுவரில் மகன் மாடிசன் சொன்ன வார்த்தைகளையே கதையாகக் காட்டுகிறார்கள். இது முடிந்துபோன விவகாரம், இனிச் சந்தேகம் என்று பேசமாட்டோம் என்றும் அறநிலையம் அறிவித்தது.

எந்த மகனை அடிமைப் பேச்சு என்று தள்ளினார்களோ, அவருடைய வார்த்தை இன்று அந்த மாளிகையின் சுவரில் இருக்கிறது.

கல்லறைச் சங்கம் 2002-ம் ஆண்டில் சொன்ன பதிலை மறுபடி யோசிப்பது அவர்கள் பொறுப்பு. 2026-ம் ஆண்டு ஜூலை 4, அந்தச் சுதந்திரப் பிரகடனத்தின் 250-வது பிறந்த நாள். எல்லோரும் சமம் என்ற கொள்கைக்கு அந்த இரும்பு வேலிக்குள்ளும் இடம் வேண்டாமா?

ஜெபர்சன் தம் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று தாமே எழுதி வைத்துவிட்டுப் போனார். மூன்று காரியங்களைத்தான் குறிப்பிட்டார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். வர்ஜினியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர். வர்ஜினியா பல்கலைக்கழகத்தின் தந்தை.

தந்தை என்ற சொல் கல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் மாடிசனும் கேட்டார். உயிரோடு இருந்தபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பேரப் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்.